சவுதார் குளமும் அரசின் மூன்று உறுப்புகளும்

சட்டம் இயற்றுவது சட்டமன்றம், நடைமுறைப்படுத்துவது நிர்வாகம், தீர்ப்பளிப்பது நீதித்துறை என்று நாம் பாடநூலில் கற்கிறோம். அண்ணல் அம்பேத்கர் இம்மூன்றின் இயல்பையும் ஒரு குளக்கரையில் கண்டறிந்தார்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் நகரில் பிறந்த அவர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1923இல் பம்பாய் திரும்பி வழக்கறிஞரானார். அதே ஆண்டு, பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் எனப் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1924இல் மகத் நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும் சவுதார் குளம் நம் மக்களுக்கு மூடியே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அவர் பெருந்திரளான மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். சாதி இந்துக்கள் தாக்கினர். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் அங்குத் திரண்டபோது நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை குறுக்கே நின்றது. அவர் தடையை மீறவில்லை, வழக்காடினார். 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இறுதி வெற்றி கிட்டியது. ஒரு மிடறு நீருக்குப் பத்தாண்டுகள்!

சட்டமன்றம் தீர்மானித்தும் நிர்வாகம் அசையவில்லை. நீதிமன்றம் காலம் கடத்தியது. அதிகாரங்கள் பிரிந்திருப்பதால் மட்டுமே ஒடுக்கப்பட்டோருக்கு நீதி கிடைத்துவிடாது என்பதே மகத் தரும் பாடம் என்று நாம் கருதுகிறோம்.

1947 ஆகஸ்டில் அமைந்த வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார். அக்குழு உருவாக்கிய அரசியலமைப்பை மகத்தின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறுகளும் குளங்களும் உறுப்பு 15(2)இல் பெயர் சுட்டியே இடம்பெற்றன. அவ்வுரிமையை இனி எந்த நகராட்சியும் தீர்மானம் போட்டுப் பறிக்க இயலாது. உறுப்பு 17 தீண்டாமையை ஒழித்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகுவதையே உறுப்பு 32 ஓர் அடிப்படை உரிமையாக்கியது.

நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்கும் உறுப்பை 1948 நவம்பரில் அவரே முன்மொழிந்தார். மூன்றாண்டுக்குள் பிரிக்க வேண்டும் என்று முதலில் இருந்த கெடு பின்னர் நீக்கப்பட்டது. இன்று அது உறுப்பு 50. நீதிமன்றத்தின் வழி வலியுறுத்த முடியாத நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்றாகவே அது நின்றுவிட்டது. குற்றவியல் நீதித்துறை நடுவர்களை நாடு முழுமைக்கும் நிர்வாகத்திடமிருந்து பிரிக்க 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்ட அமைச்சராயிருந்த அவர், இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்ட நிலையில், 1951இல் பதவி விலகினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அமைதி காக்கும் பொறுப்பின் பெயரால் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரம் இன்றும் நிர்வாக நடுவர்களிடமே உள்ளது. பொதுப்பாதையையும் குளத்தையும் கேட்கும் நம் மக்களின் உரிமைக் கோரிக்கை, பல ஊர்களில் வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகச் சுருக்கப்படுகிறது. அங்கெல்லாம் நாம் சமரசப் பேச்சோடு நின்றுவிடாது, உறுப்பு 15(2)ஐயும் 17ஐயும் முன்வைத்து நீதிமன்றம் ஏற வேண்டும். மகத்தில் அவர் பத்தாண்டுகள் நடத்திய வழக்கு நமக்குக் காட்டும் வழி அதுவே.