முதல் நிமிடத்து மதிப்பெண்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நான் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டேன். எட்டாம் மாதத்திலேயே, ஒன்றேமுக்கால் கிலோ எடையில் பிறந்திருக்கிறேன். அடுத்த வரியில் ஆப்கார் என்ற சொல்; அதன் எதிரே 4, 8 என்று இரண்டு எண்கள். விலங்கியலில் முதுகலை பயிலும் எனக்கு, அது ஓர் அம்மையாரின் பெயர் என்பது அன்றுவரை தெரியாது. வெட்கத்துடன் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வர்ஜீனியா ஆப்கார் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூ ஜெர்சியைச் சேர்ந்த வெஸ்ட்ஃபீல்டில் பிறந்தார். உடன்பிறந்தவர் ஒருவரைக் காசநோய் இளமையிலேயே கொண்டுபோயிற்று. அவரும் முதலில் விலங்கியல் பயின்றவர்தாம். 1933-இல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பதே அவர் ஆசை. பெண்ணுக்கு அத்துறையில் பிழைப்பு கடினம் என்று ஆசிரியர் அறிவுறுத்தவே, மயக்க மருந்துத் துறைக்குத் திரும்பினார். 1949-இல் அக்கல்லூரியின் முதல் பெண் பேராசிரியரானார்.

பிரசவ அறையில் அவர் கண்டது என்ன? எல்லோருடைய கவனமும் தாயின்மீதே இருந்தது. மூச்சுத் திணறும் சிசுவை உற்று நோக்குவார் குறைவு. மெலிந்த குழந்தை பிழைக்காது என்று வாளாவிருந்துவிடுவதும் உண்டு. அம்மையார் 1952-இல் ஓர் எளிய வழி சொன்னார். பிறந்த ஒரு நிமிடத்தில் ஐந்து குறிகளைப் பார்க்க வேண்டும்: இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் எழும் அசைவு, உடல் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 10. இம்முறை 1953-இல் அச்சேறியது. பின்னர் ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் இடும் வழக்கம் வந்தது.

இதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் எண் இட வேண்டுமானால் குழந்தையைப் பார்த்தே தீரவேண்டும் அல்லவா? பார்த்தவர் கை கட்டி நிற்க முடியுமா? அம்மையாரின் வெற்றி இதுவே என்று நான் கருதுகிறேன்.

இம்மதிப்பெண் குழந்தையின் வருங்கால அறிவை அளக்கும் கோலன்று. குறைமாதச் சிசுவுக்குத் தசை முதிராததாலேயே எண் குறையலாம். மூச்சில்லாத குழந்தைக்கு இன்று ஒரு நிமிடம் காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்குகிறார்கள்.

1959-க்குப் பின் அம்மையார் பிறவிக் குறைகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். ஓய்வு நேரத்தில் வயலின் போன்ற நரம்பு வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்தார். 1974-இல் மறைந்தார்.

நாலு எட்டாக உயர்ந்த அந்த நான்கு நிமிடங்களில் யாரோ ஒரு டாக்டரோ நர்ஸோ எனக்காகப் போராடியிருக்கிறார். அவர் பெயர் சீட்டில் இல்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததென்று சோரும் நண்பர்களே, என் முதல் மதிப்பெண் பத்துக்கு நாலுதான். அதைக் கண்டு யாரும் என்னைக் கைவிடவில்லை.