செவிக்கு உரிய வாழ்க்கை

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் தண்ணீரில் இறங்காத பொழுதும் உழைக்கும் பொழுதுதான். கிழிந்த வலையைச் சீர்செய்கையில் கண்ணும் கையும் ஓய்வதில்லை. செவி மட்டுமே ஓய்ந்திருக்கும். நூலை விரித்துப் படிக்க நேரமில்லாத இத்தகைய உழைப்பாளர்களுக்கு ஒலிநூல் ஒரு நல்வாய்ப்பு. அவ்வாறு கேட்டு மகிழத்தக்க தமிழ்த் தன்வரலாறுகளில் முதன்மையானது, அவ்வை தி.க. சண்முகம் எழுதி 1972-இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை'. செவிவழிக் கல்வியால் உருவான ஒரு கலைஞரின் வரலாறு அது.

1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் சண்முகம். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர்பெற்ற நடிகர். 1918-இல், ஆறு வயதிலேயே, சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய நாடக சபையில் சகோதரர்களுடன் சேர்க்கப்பட்டார் சண்முகம். பள்ளிக்கூடம் எட்டாத அச்சிறுவருக்கு ஒத்திகைக் கூடமே பள்ளி. பாடலும் உரையாடலும் ஆசிரியர் சொல்லக் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்தவை. அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி.

1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள் தங்கள் சொந்த சபையைத் தொடங்கியபோது சண்முகத்துக்கு வயது பதின்மூன்று. பின்னாளில் கலைவாணர் எனப் போற்றப்பட்ட என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது இச்சபையில்தான். பேசும்படம் வந்து நாடகக் கொட்டகைகள் நலிந்த காலத்தில், 1935-இல், சகோதரர்கள் 'மேனகா' திரைப்படத்தில் நடித்தனர். ஆயினும் மேடையைக் கைவிடவில்லை. முப்பதாம் வயதில் சண்முகம் ஏற்ற மூதாட்டி வேடம் 'அவ்வை' என்பதை அவர் பெயரின் பகுதியாகவே ஆக்கிவிட்டது. 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு நடைபெற முன்னின்றவர்களும் இச்சகோதரர்களே. 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சண்முகம், நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1973-இல் காலமானார்.

பொருளியல் நோக்கில் இந்நூல் நிலையற்ற வருவாயில் வாழ்ந்த ஒரு கூட்டு உழைப்பின் ஆவணம். வசூல் குறைந்த ஊரிலும் சபையார் அனைவருக்கும் உணவிட வேண்டும். அடுத்த ஊருக்குச் செல்லப் பணம் வேண்டும். இன்றைய வலைவீச்சில் என்ன கிடைக்கும் என்று அறியாத பழவேற்காட்டு மீனவருக்கு இக்கவலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தை உடையவர்கள் அவர்கள். இழப்பைத் தனியொருவர் தலையில் ஏற்றாமல் பகிரும் அறம் அவர்களுக்குப் பழகிய ஒன்று.

ஆனால், குழந்தைப் பருவத்தை உழைப்புக்கு ஈந்து பெற்ற கலைத்தேர்ச்சியை வியந்து பாராட்டுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அத்தகைய சபைகளில் சேர்ந்த சிறுவர்களில் புகழ்பெற்றவர் சிலரே. பெயர் தெரியாமல் போனவர் பலர். குடும்ப வறுமைக்காகப் படிப்பைத் துறக்கும் பிள்ளைகள் இன்றும் உள்ள நாட்டில், இந்நூலைக் கேட்போர் அந்த விலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சண்முகத்தின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எனவே பதிப்புரிமைத் தடை இல்லை. தேர்ந்த நாடகக் கலைஞர்களின் குரலில் இதனைப் பதிவுசெய்து நூலகங்கள் வழியே கட்டணமின்றி வழங்க அரசு முன்வரலாம். படிப்பைத் தொடர இயலாமல் போனவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் அது பெருங்கொடையாக அமையும்.