பதுங்குகுழியும் பத்திரிகைக் குறிப்பும்

ஊடகக் கற்கைப் பட்டத்தோடு கிளிநொச்சிக்குத் திரும்பியபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு. அந்தத் தொழிலின் முன்னோடியான ஐவி லீயின் வாழ்க்கையை அப்போதுதான் தேடி வாசித்தேன்.

1877 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, நியூயோர்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தார். பிறகு ஜோர்ஜ் பார்க்கருடன் சேர்ந்து மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கினார். 1906 இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை செய்தபோது, செய்திகளை ஒளிவுமறைவின்றித் தருவோம், பத்திரிகைகள் சரிபார்க்க உதவுவோம் என்று அறிவித்தார்.

1914 ஏப்ரல் 20. கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாமை மாநிலப் படையும் கம்பனிக் காவலரும் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் கீழ் வெட்டிய குழிக்குள் 11 பிள்ளைகளும் 2 பெண்களும் இறந்துபோனார்கள். சுரங்க நிறுவனத்தின் பெரும் பங்குதாரரான ரொக்பெல்லர் குடும்பம் லீயை அமர்த்தியது. முதலாளிகள் தந்த தகவல்களை அவர் சரிபார்க்காமலே அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார். பின்னர் விசாரணைக்குழு முன் அதை ஒப்புக்கொண்டார். 1934 இல் இறந்தார்.

பதுங்குகுழி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வீடு கிடைத்த குடும்பங்களின் தொகையைக் கூட்டிப்போடச் சொன்ன நாளில், நான் அந்த வேலையை விட்டேன்.