அயோத்திதாச பண்டிதர் வளர்ந்த வரலாறு

உடல் வளர்வதற்கு எவரும் பெருமுயற்சி செய்வதில்லை. உண்ட சோறே அதனை வளர்க்கின்றது. இருபது இருபத்தைந்து வயதில் அவ்வளர்ச்சி நின்றும் விடுகின்றது. அறிவின் வளர்ச்சி அத்தகையதன்று. அஃது எவ்வயதில் நிற்க வேண்டுமென்பதைப் பெரும்பாலும் அவரவரே முடிவு செய்து கொள்கின்றனர். நம்மவரிற் பலர் நாற்பது வயதிலேயே அம்முடிவுக்கு வந்து, இனித் தமக்கு ஆவது ஒன்றுமில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி விடுகின்றனர். ஆலையில் என்னோடு தறி ஓட்டிய தோழர் பலர் இவ்வாறு ஒதுங்கக் கண்டேன். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை என்னிடமிருந்து நீக்கியது பண்டிதர் அயோத்திதாசருடைய சரித்திரமேயாகும்.

பண்டிதர் 1845-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். கிராம தேவதை ஒன்றின் பெயர் அது. அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அத்துரையிடம் அவர் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதென்று பண்டிதரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். பிறருக்குச் சமையலும் பரிசாரகமும் செய்து பிழைத்த குடியில் ஏட்டுச் சுவடி காக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இளமையில் அவர் கற்ற ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பவர். தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த வைத்தியத்தையும் பயின்ற மாணாக்கர், ஆசிரியர்மேற் கொண்ட பக்தியால் அவர் பெயரையே தமது பெயராக ஏற்றுக்கொண்டார். பிறப்பினால் வந்த பெயர் நீங்கிக் கல்வியினால் வந்த பெயர் நிலைத்தது. இது முதற்பருவம்.

குடும்பம் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870-ம் வருஷத்தில், தமது 25-வது வயதில், அவர் அங்கே அத்வைதானந்த சபை ஒன்றை ஏற்படுத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் சித்தாந்தம் வாலிபருடைய உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஆயினும், எல்லாம் ஒன்று என்று உபதேசிக்கும் தேசத்தில் தம்முடைய மக்கள் கிணற்றடியிலும் வீதியிலும் தனியே நிறுத்தப்பட்டிருந்தமைக்கு அச்சித்தாந்தத்தில் விடை கிடைக்கவில்லை.

விடை தேடியவர் அடுத்த பருவத்தில் அரசாங்கத்தை நோக்கித் திரும்பினார். 1881-ல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டபோது, தம் மக்களை இழிபெயரால் எழுதாமல் ஆதித்தமிழர் என்று பதியும்படி கோரினார். 1885-ல் ஜான் ரத்தினம் அவர்களோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் பத்திரிகையை நடத்தினார். 1891-ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மகாநாட்டைக் கூட்டித் தீர்மானங்கள் செய்தார். அப்போது அவருக்கு வயது 46.

அடுத்த வருஷம், 1892-ல், சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரிப் பிரதிநிதியாக அவர் சென்றார். விஷ்ணு கோயில்களிலும் சிவன் கோயில்களிலும் தம் மக்களை அனுமதிக்க வேண்டுமென்று அச்சபையிற் கேட்டார். அவர்களுக்கு மதுரைவீரன் முதலிய தேவதைகள் உண்டு, சிவனும் விஷ்ணுவும் அவர்களுக்கு உரியரல்லர் என்ற கருத்தில் மறுமொழி கிடைத்தது. கோயில் இல்லையெனினும் கல்வியேனும் வேண்டும் என்று, நான்காம் வகுப்பு வரையில் இலவசப் படிப்பையும், தரிசு நிலங்களையும் அவர் கோரினார். இக்கோரிக்கை ஏற்கப்பட்டது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். காத்தவராயன் என்று பெயரிடப்பட்டுப் பண்டிதராய் உயர்ந்த ஒருவரை, கற்றோர் நிறைந்த சபை மீண்டும் காத்தவராயனிடமே போகச் சொல்லிற்று. இருபது வருஷத்திற்கு மேற்பட்ட உழைப்பு அவருக்குப் பின்னே கிடந்தது. சாதாரண மனிதன் ஒருவன் அன்றோடு மனம் கசந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பான். அல்லது அதே கதவையே சாகும்வரையில் தட்டிக்கொண்டிருப்பான். பண்டிதர் இரண்டையும் செய்யவில்லை. திறவாத கதவு உண்மையில் நமது வீட்டுக் கதவுதானா என்று ஆராயத் தொடங்கினார்.

அவ்வாராய்ச்சி அவரைப் பகவன் புத்தரிடம் கொண்டு சேர்த்தது. கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை திறந்திருந்தார். அவருடைய துணையோடு 1898-ம் வருஷத்தில் பண்டிதரும் அவர் நண்பரும் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பு மாளிகாகந்தையில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றனர். திரும்பி வந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினர். அப்போது பண்டிதருக்கு வயது 53. அந்த வயதில் அவர் மும்மணிகளைச் சரணடைந்து புதிய மாணாக்கரானார்.

இராயப்பேட்டையில் வைத்தியம் செய்துகொண்டே தம்மப் பிரசாரமும் செய்தார். பேராசிரியர் லட்சுமி நரசு போன்ற அறிஞர்கள் உடன் நின்றனர். 1907-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, தமது 62-வது வயதில், ஒரு பைசாத் தமிழன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஏழை வாங்கத்தக்க விலையே அதன் பெயராயிற்று. ஒரு வருஷம் கழிந்தபின் அது தமிழன் என வழங்கலாயிற்று. கோலார் தங்கவயல் மாரிக்குப்பம், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று உழைப்பாளிகள் சென்ற இடமெல்லாம் அப்பத்திரிகை சென்றது; சங்கங்களும் கிளைத்தன. அதில் அவர் எழுதிய ஆதிவேதம் என்னும் புத்த சரித்திரம் 1912-ல் நூலாயிற்று.

அவர் 1914-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி காலமானார். 69 வயது நிறைய 15 நாட்களே இருந்தன. கடைசிவரையில் பத்திரிகைப் பணி நிற்கவில்லை. பின்னர் தங்கவயலில் அப்பாதுரையார் தமிழனை மீண்டும் நடத்தினார். நெடுங்காலம் பலராலும் மறக்கப்பட்டிருந்த பண்டிதரின் எழுத்துக்கள் 1999-ல் தொகுதிகளாக வெளிவந்தன. 2005-ல் இந்திய அரசாங்கம் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இச்சரித்திரத்தைக் கேட்ட இளைஞர் ஒருவர், 53 வயதில்தான் பௌத்தரானார் எனில், அதற்கு முற்பட்ட வருஷங்களெல்லாம் வீணாயின அல்லவோ என்று என்னை வினவினார். நான் அவ்வாறு கருதவில்லை. இளமையிற் கற்ற தமிழே முதுமையில் மணிமேகலையிலும் நிகண்டுகளிலும் பௌத்தத்தின் சுவடுகளை அவருக்குக் காட்டிற்று. 36 வயதில் குடிக்கணக்கைப் பற்றிச் சிந்தித்தவரே, 1911-ம் வருஷத்துக் கணக்கில் பௌத்தர் எனப் பதியும்படி மக்களை வற்புறுத்தினார். 1892-ல் பட்ட அவமானமே பிறர் கதவை விட்டுத் தம் வழியைத் தேடச் செய்தது. பண்டிதர் ஒவ்வொரு பருவத்திலும் முன்னதன் பயனைக் கையோடு கொண்டார். அதன் குறையை மட்டும் விட்டு நகர்ந்தார். வளர்ச்சி என்பது இதுவே.

அநித்தியம் என்னும் தத்துவத்தை நான் பல ஆண்டுகள் மரண வீடுகளில் மட்டுமே உபதேசித்து வந்தேன். எல்லாம் மாறும், ஆகையால் அழாதீர் என்பேன். பண்டிதர் வாழ்க்கையைப் படித்தபின் அதன் மற்றொரு பாதி எனக்கு விளங்கிற்று. எல்லாம் மாறும், ஆகையால் நாமும் மாறலாம். நிலைத்த ஆன்மா ஒன்று இல்லையெனில், இவன் இவ்வளவுதான் என்று எவனைப் பற்றியும், எவ்வயதிலும், முத்திரை குத்த இயலாது. இழிந்தவனென்று பிறர் குத்தும் முத்திரையும் பொய்; முதியவனென்று நாமே குத்திக்கொள்ளும் முத்திரையும் பொய்.

ஆகவே, விகாரையில் பின்வரிசையிற் சுவரோடு சாய்ந்து அமரும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகின்ற பௌர்ணமி முதல் முன்வரிசைக்கு வாருங்கள். எழுத்தறியாதவர் பேரப்பிள்ளையின் பலகையில் எழுதப் பழகுங்கள். அறிந்தவர் ஒரு பிள்ளைக்கேனும் கற்றுக் கொடுங்கள். பண்டிதர் சீலம் பெற்ற வயதை நம்மிற் பலர் இன்னும் எட்டவில்லை. எட்டியவர்க்கும் அவர் பத்திரிகை தொடங்கிய வயது முன்னே காத்திருக்கிறது.

நமோ புத்தாய.