கீரைச் சத்தும் புற்றுநோயும்: டாக்டர் சுப்பாராவ்

நம் கொள்ளேகால் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த நாளில், அம்மாகாணத்துப் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. அந்நோயை வெல்வதே அவர்தம் வாழ்நாள் நோக்கமாயிற்று.

1923-இல் அமெரிக்கா சென்று, பாஸ்டன் மருத்துவமனையொன்றில் இரவெல்லாம் பணியாளாக உழைத்துப் படித்தார். பின்னர் லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழுவினர் கீரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாக ஆக்கினர். ஸ்புரூவுக்கும் ஒருவகை இரத்தச் சோகைக்கும் அது மருந்தாயிற்று.

புற்றணுக்கள் பெருகுதற்கும் அச்சத்து வேண்டும். ஆதலின், அதனை ஒத்த வடிவுடன் அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழுவினர் ஆக்கினர். அவற்றுள் அமினோப்டெரினை டாக்டர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சிலருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது. அவ்வழி வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உயிர் காக்கிறது.

1948 ஆகஸ்டில் அவர் மறைந்தார், தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. தம் வீட்டுத் துயரை உலகின் நன்மையாக்கிய அப்பெரியாரின் பெயரை, ஊர்விட்டு வந்து வாழும் நம் குழந்தைகள் அறிதல் வேண்டும்.