அப்பளத்தில் ஒரு யோகம்!

யோகா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? விரித்த பாய், மடித்த கால், மூடிய கண், மூக்கைப் பிடித்த விரல்... ‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று குக்கர் விசிலுக்கு நடுவே நீங்கள் அலுத்துக்கொள்வதும் காதில் விழுகிறது. அப்படியானால், அடுப்படியிலேயே யோகத்தை நடத்திக் காட்டிய ஒரு மகானின் கதையைக் கேளுங்கள்.

விஸ்வநத்தம், சிவகாசி பக்கத்து வாசகிகளுக்கு அவர் சொந்த மாவட்டத்துக்காரர்! பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற அந்த ஊர்களிலிருந்து விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாகச் சென்றால் திருச்சுழி வரும். சுந்தரரின் பாடல் பெற்ற பாண்டி நாட்டுத் தலம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் தன் சூலத்தால் பூமிக்குள் சுழித்துப் போகச் செய்த இடம் என்கிறது தலபுராணம். சுவாமி திருமேனிநாதர், அம்பாள் துணைமாலையம்மை.

1879-ம் வருடம், மார்கழித் திருவாதிரை. ஆருத்ரா தரிசனத்துக்காக வீதியுலா போன நடராஜப் பெருமான் கோயிலுக்குத் திரும்பிய நள்ளிரவு. டிசம்பர் 30 பிறந்துவிட்ட அந்த நேரத்தில், வக்கீல் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வேங்கடராமன். ஆம், பிற்காலத்தில் உலகமே வணங்கிய பகவான் ரமண மகரிஷிதான்!

வேங்கடராமனுக்குப் பன்னிரண்டு வயதானபோது தகப்பனார் காலமானார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். 1896-ல், பதினாறு வயதில், திடீரென்று ஒருநாள் மரணபயம் பற்றிக்கொண்டது. டாக்டரைத் தேடி ஓடாமல், அப்படியே படுத்து, சாவது எது, சாகாமல் மிஞ்சுவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தான். பயம் போனது. பாடப் புத்தகமும் கசந்தது. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு என்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, ஆகஸ்ட் 29-ம் தேதி கிளம்பினான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை.

இதுவரை நீங்கள் கேட்ட கதைதான். ஆனால், பெற்றவளின் நிலைமையை யோசித்தீர்களா?

இருக்கும் இடம் தெரிந்து, 1898-ம் வருடக் கடைசியில் மூத்த மகனோடு பவழக்குன்றுக்கு வந்தார் அழகம்மாள். சடை பிடித்த தலையும் கோவணமுமாக உட்கார்ந்திருந்தது அவர் வளர்த்த பிள்ளை! தினமும் பலகாரம் கொண்டுவந்து கெஞ்சினார், அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மனம் கேளாமல் காகிதமும் பென்சிலும் நீட்ட, நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடவாதது என்ன முயன்றாலும் நடவாது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்ற கருத்தில் எழுதிக் கொடுத்தார். தத்துவம் சரிதான். ஆனால், ஒரு தாய்க்கு அது அந்த நிமிடத்தில் எப்படி இனிக்கும்? வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த இரண்டு வருடங்களில் மூத்த மகனும் காலமாகிவிட்டார்.

1916-ல் அழகம்மாள் மறுபடி வந்தார். இம்முறை அழைத்துப் போக அல்ல, மகனோடு தங்க. அதுவரை பிட்சை எடுத்து உண்டுவந்த இடத்தில் அந்த அம்மா அடுப்பு மூட்டினார்.

விருபாக்ஷ குகையில் ஒருநாள் அப்பளம் இட உட்கார்ந்தவர், கூடமாட ஒத்தாசைக்கு மகனைக் கூப்பிட்டார். மகன் கை கொடுக்கவில்லை. பாட்டு ஒன்று எழுதிக் கொடுத்தார்! (உங்கள் பிள்ளை இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.) அதுதான் புகழ்பெற்ற ‘அப்பளப் பாட்டு’. அதில், ‘நான்’ என்கிற அகந்தைதான் உளுந்து. நான் யார் என்ற விசாரணை என்னும் திரிகையில் அதை உடைக்க வேண்டும். நல்லவர்களின் சேர்க்கை பிரண்டைச் சாறு. மனதையும் புலன்களையும் அடக்குவது சீரகமும் மிளகும். உப்பு, பெருங்காயம் என்று ஒன்றையும் விடவில்லை. இடித்து, இட்டு, ஞானத் தீயில் பொரித்து எடுப்பது வரை அத்தனையும் உண்டு. விருதுநகர் மார்க்கெட்டின் உளுந்து மணக்கும் சீமையில் பிறந்தவராயிற்றே!

பிற்பாடு ஆசிரமம் வளர்ந்ததும், அந்த அம்மா கேட்ட உதவியை வட்டியும் முதலுமாகத் தந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வருடக்கணக்கில், பொழுது விடியுமுன்பே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். அரைத்தார், கிளறினார், பதம் பார்த்தார். தரையில் சிந்திய அரிசியைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தமக்கென்று தனியாக எதையும் வைக்க விடமாட்டார்.

குடும்பத்தை விட்டுவரத் துடித்தவர்களை, வீட்டிலேயே இருங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்பினார். ஆசனம் போட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியதும் கிடையாது. மனமும் மூச்சும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்று அடங்கினால் மற்றதும் அடங்கும் என்பது அவர் உபதேசம். மூச்சை வலிந்து அடக்கத் தெரியாவிட்டால், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்தாலே போதும் என்றார்.

பால் பொங்கக் காத்திருக்கும் அந்த நான்கு நிமிடங்களில் நீங்கள் இதைச் செய்து பாருங்கள். மாமியார் சொன்னதோ, பையனின் மார்க்கோ குறுக்கே வரும். வரட்டும். கோபம் வந்தால், யாருக்கு வந்தது இந்தக் கோபம் என்று உள்ளே ஒரு கேள்வி. அவ்வளவுதான். பால் மீதும் ஒரு கண் இருக்கட்டும்!

1922-ம் வருடம் மே 19. ஸ்கந்தாசிரமத்தில் அழகம்மாளின் மூச்சு தடுமாறியது. பகவான் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கையைத் தாயின் தலையிலும் மற்றொரு கையை மார்பிலும் வைத்தார். காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை அந்தக் கைகளை எடுக்கவில்லை. பவழக்குன்றில் ஒரு வார்த்தைக்காக ஏங்கிய தாய், அந்தத் தொடுகையிலேயே அடங்கினார்; முக்தி அடைந்தார் என்கிறார்கள் அடியார்கள்.

மலையடிவாரத்தில் அம்மாவைச் சமாதி வைத்து, மேலே லிங்கப் பிரதிஷ்டை செய்தார்கள். சில மாதங்களில் பகவானும் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் ரமணாசிரமம். 1950 ஏப்ரல் 14-ம் தேதி அவர் சித்தியடைவதற்கு முந்தைய வருடம், கையில் புற்றுக்கட்டியோடு இருந்த நிலையிலும், அம்மாவின் சந்நிதிக்குக் கும்பாபிஷேகம் நடந்ததைக் கண்டார். சுவாமிக்குப் பெயர் மாத்ருபூதேஸ்வரர். அண்ணாமலையார் தரிசனம் முடித்து ஆசிரமத்துக்குப் போகிறவர்கள், முதலில் அந்தத் தாயின் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு, பிறகு மகனின் சமாதிக்குப் போங்கள்.