முகப்பரு மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

முகப்பருவுக்குத் தோல் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று மினோசைக்ளின். அதன் மூலப்பொருளைத் தயாரித்துக் கொடுப்பது ஒரு பாக்டீரியா. அந்த பாக்டீரியாவைக் கண்டெடுத்த ஆய்வகத்தை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. அடுத்து மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவியது, எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரையும் பறிகொடுத்திருந்தார்.

அமெரிக்கா போனவர், போஸ்டன் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தபடி ஹார்வர்டில் ஆய்வு செய்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது. யானைக்கால் நோய்க்கு நம்மூரில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, பாக்டீரியா கதைக்கு வருவோம். பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளர், 70 வயதைத் தாண்டி பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு லெடர்லேவில் சேர்ந்தவர். பல ஊர்களின் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசோரி பல்கலைக்கழக வயல் மண்ணில் தங்க நிறத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. அது சுரந்த ஆரியோமைசின்தான் முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்து. பென்சிலினால் அசைக்க முடியாத சில காய்ச்சல்களுக்கும் அது வேலை செய்தது. 1948 ஜூலையில் அறிவித்தார்கள். கட்டுரையில் இருந்தது டகர் பெயர் மட்டும். அடுத்த மாதமே சுப்பாராவ் இறந்துவிட்டார், வயது 53.

அவர் பார்க்காமல் போனது இதற்குப் பிறகுதான். இந்த பாக்டீரியா சின்னச் சின்ன கார்பன் துண்டுகளைக் கோத்து நான்கு வளையம் கட்டுகிறது. அதன் மேல் ஒரு மீதைல், ஒரு குளோரின் ஒட்டுகிறது. உணவில் குளோரைடைக் குறைத்தால் குளோரின் ஒட்டாது, டெட்ராசைக்ளின் கிடைக்கும். மரபணு மாறிய ஒரு ரகத்தில் மீதைல் ஒட்டும் படியே வேலை செய்யவில்லை. 1957-ல் லெடர்லே ஆட்கள் அதைக் கவனித்தார்கள். பார்த்தால் குறைபாடு, ஆனால் அதனால் கிடைத்த பொருள் அமிலத்தில் எளிதில் சிதையவில்லை. வேதியியலாளர்களுக்கு அதுதானே வேண்டும்? அதில் மாற்றங்கள் செய்துதான் மினோசைக்ளினை உருவாக்கினார்கள். ஒரு பாதியை பாக்டீரியா செய்கிறது, மறுபாதியை மனிதர்கள். பல ஆன்டிபயாடிக்குகள் இப்படித்தான் தயாராகின்றன. இன்று மரபணுவைத் திட்டமிட்டே திருத்துகிறார்கள், அன்று தற்செயலாக மாறியதில் நல்லதைத் தேடிப் பிடித்தார்கள்.

1953-ல் ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல், நூற்றாண்டுக்கு.